அச்சு அசலா, சொந்தக் கையா? பிடித்த பாத்திரத்தை வரையும் மூன்று வழிகள்

அண்ணன் மகள் பி.யூ.சி. இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். தீபாவளிக்கு பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டுக்கு வந்தவள், பலகாரத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு ஸ்கெட்ச் நோட்டை விரித்தாள். ஜனவரியில் அவர்கள் கல்லூரியில் விழா. சுவரில் ஆளுக்கு ஒரு ஏ2 தாள் அளவு இடம் தருகிறார்கள். பிடித்த பாத்திரம் ஒன்றை வரைந்து மாட்டலாம், ஒரே ஒரு படம்தான். 'ஒன் பீஸ்' என்ற ஜப்பானிய காமிக்ஸின் நாயகன் லூஃபியா, ரஜினியா, வந்தியத்தேவனா என்று அவளுக்குக் குழப்பம். அதைவிடப் பெரிய குழப்பம் இன்னொன்று. "அத்தை, அச்சு அசலா அப்படியே வரையட்டுமா, இல்ல என் கைக்கு வர்ற மாதிரி வரையட்டுமா?"

இந்தக் கேள்வியோடுதான் நானும் 12 வருஷமாக இருக்கிறேன். வார நாட்களில் அலுவலகம், இரவிலும் ஞாயிறுகளிலும் ஃபேன் ஆர்ட், அதாவது பிடித்த பாத்திரங்களை ரசிகையாக வரைவது. மூலத்தின் பாணியிலேயே வரைந்திருக்கிறேன், புகைப்படம் போலத் தத்ரூபமாக வரைந்திருக்கிறேன், என் கைக்கு வந்தபடியும் வரைந்திருக்கிறேன். மூன்றையும் மதிக்கிறேன். ஆனால் மூன்றும் ஒரே காரியத்துக்கு உதவாது. அவளிடம் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். இதே இடத்தில் நின்று யோசிப்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

மூலத்தின் பாணியில் வரைவதை முதலில் எடுத்துக்கொள்வோம். லூஃபி என்றால், எய்ச்சிரோ ஓடா 1997 முதல் வரைந்துவரும் லூஃபியை ஓடாவின் கோட்டிலேயே கொண்டுவருவது. பழகுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரிந்து இல்லை. ஒருவர் போட்ட கோட்டை நம் கையால் திரும்பப் போடும்போதுதான், அவர் மூக்கை எங்கே முடிக்கிறார், விரல்களை எப்படிச் சுருக்குகிறார், சட்டை மடிப்பில் எத்தனை கோட்டைப் போடாமல் விட்டிருக்கிறார் என்பதெல்லாம் பிடிபடும். வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தால் இது தெரியவே தெரியாது. நேரமும் அதிகம் ஆகாது, ஒரு படத்துக்கு எனக்கு இரண்டு மூன்று மணி நேரம் போதும். பார்ப்பவர்களுக்கு ஆளை உடனே அடையாளம் தெரியும். பாராட்டும் சீக்கிரம் வரும்.

ஆனால் அந்தப் பாராட்டு எப்போதும் ஒரே மாதிரிதான் வரும்: "அப்படியே இருக்கு!" அதற்கு மேல் அவர்களுக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. கண் எவ்வளவு பெரிது, நிழல் எங்கே விழ வேண்டும், வாய் எவ்வளவு அகலம் என்ற முடிவுகளையெல்லாம் ஓடா ஏற்கெனவே எடுத்துவிட்டார். நாம் சரியாகச் செய்தால் அவரைப் போல இருக்கும், அரை மில்லிமீட்டர் தவறினால் அவரைப் போல இல்லாத படமாகிவிடும். இரண்டிலும் நாம் எங்கே இருக்கிறோம் என்று தேட வேண்டியிருக்கிறது. எனக்கு இது உறைக்கவே நாலு வருஷம் ஆனது.

தத்ரூபம் வேறு ரகம். புகைப்படத்தின் மேல் கட்டம் போட்டு, தாளிலும் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டமாக 2பி, 6பி பென்சிலில் ஏற்றி, காகிதத்தைச் சுருட்டிச் செய்த தேய்ப்பானால் நிழலை இழைத்துக்கொண்டு போவது. ஒரு ஏ4 முகத்துக்கு எனக்கு 25 மணி நேரத்துக்குக் குறையாது. அம்மாவின் அறுபதாவது பிறந்த நாளுக்கு எம்.எஸ். சுப்புலட்சுமியை இப்படித்தான் வரைந்தேன். இரண்டு பக்கமும் மின்னும் மூக்குத்தியை வரையவே முடியாது. சுற்றிலும் இருட்டாக்கி அந்த இரண்டு புள்ளிகளில் மட்டும் தாளின் வெள்ளையை அப்படியே விட வேண்டும். அதைப் பாதுகாத்துக்கொண்டு ஒரு வாரம் வேலை செய்தேன். அம்மா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. இப்போது அது பூஜை அலமாரிக்குப் பக்கத்துச் சுவரில் இருக்கிறது. அந்த இடத்தில் என் பாணிக்கு வேலையே கிடையாது. அம்மாவுக்கு வேண்டியிருந்தது எம்.எஸ். அந்த வீட்டில் இருப்பது, அவ்வளவுதான். அப்படி ஒருவருக்காக வரையும்போது தத்ரூபத்தைத்தான் தேர்ந்தெடுப்பேன், இன்றைக்கும்.

அதே தத்ரூபம் கூட்டத்தில் என்ன ஆகும் என்பதற்கு ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குமாரக்ருபா சாலைக்குப் போய்ப் பார்க்கலாம். கர்நாடக சித்ரகலா பரிஷத் நடத்தும் சித்ர சந்தேயில் ஆயிரத்துக்கும் அதிகமான ஓவியர்கள் சாலையின் இருபுறமும் படங்களை வைத்திருப்பார்கள். வீட்டுக்கு ஒரு ஓவியம் என்பதுதான் அந்தச் சந்தையின் நோக்கமே. எனக்கு மிகவும் பிடித்த நாள் அது. போன முறை நானும் அண்ணன் மகளும் நடந்தபோது, பென்சிலில் வரைந்த நடிகர், நடிகையர் முகங்கள் வரிசையாக வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றிலும் மாதக் கணக்கான பயிற்சி தெரிந்தது. ஆனால் பத்து படம் தாண்டியதும், எது யார் வரைந்தது என்று பிரித்துச் சொல்ல எங்களால் முடியவில்லை. ஓரிடத்தில் மட்டும் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் நின்றோம். தடித்த தூரிகையால் ஏழெட்டு வீச்சு, அதற்குள் கன்னட நடிகர் ராஜ்குமார் சிரித்துக்கொண்டிருந்தார். கன்னடக்காரர் ஒருவர் அந்தப் படத்துக்கு முன்னால் கைகூப்பிவிட்டுப் போனார்.

தத்ரூபத்தில் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். நாம் பார்த்து வரையும் புகைப்படத்தின் வெளிச்சம், கோணம், அந்த நொடி எல்லாம் அதை எடுத்தவருடையது. பின்னால் வரப்போகும் சட்டப் பேச்சுக்கும் இது அடிப்படை.

சரி, சொந்தக் கைக்கு வருவோம். சொந்தக் கை என்றால் கண்ணை இன்னும் பெரிதாகப் போடுவதோ, தலைமுடிக்கு ஊதா அடிப்பதோ கிடையாது. எதை எடுத்துவிட்டால் அந்த ஆள் அந்த ஆளாக இருக்க மாட்டாரோ, அதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, மீதி எல்லாவற்றையும் நம் கையிடம் விட்டுவிடுவது. நம் பேச்சில் 'ஜாடை' என்று ஒரு சொல் இருக்கிறதே, அதுதான் இங்கே முக்கியம். குழந்தை அப்பாவின் நகல் கிடையாது. ஆனாலும் தெருவில் போகிறவர் பார்த்த உடனே இன்னார் பிள்ளை என்று சொல்லிவிடுகிறார்.

பெங்களூரில் இருப்பவர்களுக்கு இதை விளக்க ஆட்டோவின் பின்பக்கமே போதும். 1980இல் ஒரு படத்தில் ஆட்டோ ஓட்டுநராக நடித்த கன்னட நடிகர் சங்கர் நாக், 1990இல் விபத்தில் இறந்துபோனார். இத்தனை வருஷம் கழித்தும் ஆட்டோக்காரர்கள் அவரைத் தங்கள் வீட்டு ஆளாகவே வைத்திருக்கிறார்கள். பல ஆட்டோக்களில் நான் பார்த்த அவருடைய முகம் கறுப்பும் வெள்ளையும் மட்டும்தான். நிழல் விழுந்த பக்கம் முழுக் கறுப்பு, மூக்குக்குத் தனியாக ஒரு கோடுகூட இருக்காது. சிக்னலில் 20 அடி தூரத்திலிருந்து பார்த்தாலும் யாரென்று தெரிந்துவிடும். அந்த ஸ்டிக்கரை முதலில் வெட்டிய கை எதை விடலாம், எதை விடக் கூடாது என்று அறிந்த கை.

வாரப் பத்திரிகை படித்து வளர்ந்த நம் வீடுகளுக்கும் இது புதிதில்லை. படத்தின் ஓரத்தில் ஓவியரின் கையெழுத்தைப் பார்க்காமலே இது கோபுலு, இது மாருதி, இது ஜெயராஜ் என்று சொல்லும் பெரியவர்கள் எத்தனையோ பேர். அண்ணனின் அலமாரியில் சிவகாசியிலிருந்து வந்த லயன், முத்து காமிக்ஸ் புத்தகங்கள் இன்னும் அடுக்கி இருக்கின்றன. அதில் கௌபாய் நாயகன் டெக்ஸ் வில்லரை மட்டும் எடுத்துப் பார்க்கச் சொன்னேன். 1948இல் இத்தாலியில் காலெப்பினி வரைந்து தொடங்கிய பாத்திரம். அதற்குப் பிறகு எத்தனையோ ஓவியர்கள் வரைந்துவிட்டார்கள், அமெரிக்காவின் ஜோ குபர்ட்கூட ஒரு முழுக் கதை வரைந்திருக்கிறார். ஒருவர் கையில் டெக்ஸின் தாடை கல்லாக இருக்கும், இன்னொருவர் கையில் முகமெல்லாம் புழுதியும் சோர்வுமாக இருக்கும். மஞ்சள் சட்டை, கழுத்துத் துணி, தொப்பி, நிற்கும் தோரணை மாறாது. அவள் அரை மணி நேரம் புரட்டிவிட்டு, "எல்லாரும் வேற வேற ஆளு, ஆனா எல்லாரும் டெக்ஸ்தான்" என்றாள். அதைத்தான் நான் சொல்ல நினைத்தேன்.

இதைக் கையில் கொண்டுவர நான் செய்யும் பயிற்சி ஒன்று உண்டு. மூலத்தைப் பார்த்து ஐந்தாறு முறை நன்றாக நகலெடுக்க வேண்டும். அப்புறம் புத்தகத்தை மூடிவிட்டு, ஒரு படத்துக்கு ஐந்து நிமிஷம் என்று வைத்துக்கொண்டு பத்து முறை நினைவிலிருந்தே வரைய வேண்டும். முதல் மூன்று மோசமாக இருக்கும், மனம் தளரக் கூடாது. ஏழாவது, எட்டாவதில் தேவையில்லாதது தானாக உதிரும். லூஃபிக்குச் சிவப்புப் பட்டை போட்ட வைக்கோல் தொப்பி, இடது கண்ணுக்குக் கீழே தழும்பு, அந்த வாய்கொள்ளாச் சிரிப்பு, இவை தங்கும். மூக்கு, முடியின் நுனி, சட்டைப் பொத்தான் எல்லாம் நம்முடையதாகிவிடும். அடுத்து அந்த உருவம் முழுவதையும் கறுப்பால் நிரப்பி, வெறும் நிழலுருவத்தை வீட்டில் யாரிடமாவது காட்ட வேண்டும். அடையாளம் சொல்லிவிட்டால் பிடி சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

கடைசிச் சோதனைதான் எனக்கு ரொம்ப முக்கியம். அதே பேனா, அதே கோட்டில் அல்சூர் மார்க்கெட்டில் பூ கட்டும் அம்மாவை வரைந்து, லூஃபிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே தெருவில் குடியிருப்பவர்கள் போலத் தெரிந்தால் அது உன் கை. பூக்காரம்மா ஒரு மாதிரியும் லூஃபி ஓடாவின் புத்தகத்திலிருந்து வெட்டி ஒட்டியது போலவும் இருந்தால் இன்னும் நகல் விலகவில்லை. அண்ணன் மகளின் நோட்டில் இரண்டாவதுதான் நடந்திருந்தது. ஆட்டோ, நாய், பாட்டி எல்லோரும் அவளுடைய நடுங்கும் மெல்லிய கோட்டில் உயிரோடு இருந்தார்கள். அனிமே பாத்திரங்கள் வந்ததும் கோடு கெட்டியாகி, வேறு யாரோ வரைந்தது போல ஆகியிருந்தது. அந்த நடுங்கும் கோட்டை அவள் குறை என்று நினைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த நோட்டில் பிடித்ததே அதுதான்.

இந்த வழியின் கஷ்டத்தையும் மறைக்கக் கூடாது. முதல் வருஷம் நிறையப் பேர் "யாரு இது?" என்று கேட்பார்கள். தீவிர ரசிகர்கள் சிலருக்குக் கோபம்கூட வரும், அவர்கள் நேசிக்கும் முகத்தை மாற்றிவிட்டோம் என்று. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது, பல நேரம் ஜாடையை நாம் தவறவிட்டிருப்போம். விற்பனையிலும் அடி விழும். நண்பர்களோடு ஒருமுறை ஒரு கலைச் சந்தையில் மேசை போட்டிருந்தேன். மூலம் போலவே வரைந்த அச்சுப் பிரதிகள் 25 கொண்டுபோனதில் 21 விற்றன. என் கையில் வரைந்தவை 15இல் 5தான் போயின. வீட்டுக்கு வந்து அழுதேன். ஆனால் அந்த ஐந்து பேரில் இரண்டு பேர் பிறகு எழுதி, தங்களுக்குப் பிடித்த பாத்திரங்களையும் நான் வரைய வேண்டும் என்று கேட்டார்கள். அந்த 21 பேரில் யாரும் கேட்கவில்லை. அவர்களுக்குப் பாத்திரம்தான் வேண்டியிருந்தது, அதை யார் வரைந்தாலும் சரி.

இன்னொரு காரணமும் இப்போது சேர்ந்துவிட்டது. 2025 மார்ச்சில் எல்லோர் போனிலும் குடும்பப் படங்கள் ஜப்பானிய கார்ட்டூன் படங்களாக மாறியது நினைவிருக்கும். இன்னொருவரின் பாணியில் ஒரு படம் என்பதை இயந்திரம் நிமிஷத்தில் கொடுத்துவிடுகிறது. நகலெடுத்துக் கற்பதன் மதிப்பு இதனால் குறையாது, கற்கிற கை நம்முடையது. காட்டுவதற்காக நகலெடுப்பது மட்டும் முன்பைவிட அர்த்தமில்லாமல் போய்விட்டது என்றே நினைக்கிறேன்.

சட்டம் பற்றிப் பரவலாக ஒரு தப்பான நம்பிக்கை இருக்கிறது: "என் ஸ்டைலில் வரைந்துவிட்டால் பதிப்புரிமைப் பிரச்சினை வராது." வரும். நானே ஒருமுறை அப்படி நம்பி, என் பாணியில் வரைந்த ஒரு பாத்திரத்தை டீஷர்ட்டில் போட ஆன்லைன் விற்பனைத் தளம் ஒன்றில் ஏற்றியிருந்தேன். அதை எடுத்துவிட்டார்கள், அவர்கள் எடுத்தது சரிதான். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஓவியமும் புகைப்படமும் கலைப்படைப்பு. அவற்றைப் பிரதி எடுக்கும் உரிமை மட்டுமல்ல, மாற்றி அமைக்கும் உரிமையும் உரிமையாளருக்கே. கருவுக்கும் கருத்துக்கும் பதிப்புரிமை இல்லை, அது வெளிப்படும் வடிவத்துக்குத்தான் உண்டு என்று 1978இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆக, ஓடாவின் பாணி பொதுவாக எவருக்கும் திறந்திருக்கும், அவர் உருவாக்கிய லூஃபி அப்படி இல்லை. சொந்த உபயோகத்துக்கு நியாயமான அளவில் பயன்படுத்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. நோட்டில் பழகுவதும் நண்பருக்கு வரைந்து கொடுப்பதும் வேறு, அச்சடித்து விற்பது வேறு. ஜப்பானில் 1975இல் தொடங்கிய காமிக்கெட் என்ற காமிக்ஸ் சந்தையில் ரசிகர்கள் தாங்களே வரைந்த புத்தகங்களை விற்கிறார்கள். அங்கே பதிப்பாளர்கள் பெரும்பாலும் கண்டும் காணாமல் விடுகிறார்கள், அதை நமக்குக் கிடைத்த அனுமதி என்று எடுத்துக்கொள்ள முடியாது.

ரஜினி போன்ற நிஜ மனிதர் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அவரது பெயரையும் சாயலையும் அனுமதியில்லாமல் பயன்படுத்தக் கூடாது என்று 2015இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு இந்திப் படத்துக்குத் தடை விதித்தது. நேரடிப் படம் மட்டுமல்ல, கேலிச்சித்திர வடிவமும் அந்தத் தடைக்குள் அடக்கம். அன்பில் வரைந்து மாட்டுவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

அவளுக்கு ரஜினியை வரையும் ஆசை இந்த ஊரிலிருந்தே வந்தது. பெங்களூரில் பிறந்து, இங்கேயே பஸ் கண்டக்டராக வேலை பார்த்தவர் அவர். அந்தக் கண்டக்டரை, தோளில் டிக்கெட் பையோடு, கூட்ட நெரிசலில் வரையலாமே என்றேன். எல்லோருக்கும் தெரிந்த போஸ்டர் ரஜினியை எத்தனை விதமாக வரைந்தாலும் அந்தப் போஸ்டர் குறுக்கே வந்து நிற்கும். யாரும் பார்க்காத ஒரு நொடியை எடுத்துக்கொண்டால் நகலெடுக்க எதிரே ஒன்றும் இருக்காது. கையைச் சொந்தமாக்க எனக்குத் தெரிந்த குறுக்குவழி இது ஒன்றுதான். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அந்தக் காலத்துப் பஸ் உள்ளே எப்படி இருக்கும் என்று தெரியாமல் வரைய மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அந்தப் பிடிவாதம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

கடைசியில் வந்தியத்தேவனில் நின்றாள். அங்கே ஒரு வசதி உண்டு. கல்கி 1954இல் காலமானார், ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் என்ற கணக்கில் அவர் எழுத்து இப்போது பொதுவுடைமை. பத்திரிகையில் மணியம் வரைந்த படங்களும், 2022இல் வந்த சினிமாவின் உடையும் முகங்களும் வேறு கணக்கு. ஆகவே படங்களை மூடி வைத்துவிட்டு எழுத்தை மட்டும் பார்த்து வரை என்றேன். முதல் அத்தியாயத்தை இருவரும் சேர்ந்து படித்தோம். ஆடிப்பெருக்கு நாள், வீரநாராயண ஏரிக்கரை, குதிரையில் வரும் வாலிபன். நான் பார்த்த ஃபேன் ஆர்ட்டில் பெரும்பாலும் அந்தக் குதிரை முன்னங்கால்களைத் தூக்கிப் பாய்ந்துகொண்டிருக்கும். கல்கி எழுதியிருப்பதோ, நெடுந்தூரம் வந்து களைத்துப்போய் மெள்ள மெள்ள நடக்கும் குதிரை. அவள் அந்த வரியை இரண்டு முறை படித்தாள்.

மறுநாள் சாயங்காலம் சோமேசுவரர் கோயில் பக்கம் ஒரு கல்யாண ஊர்வலம் போனது. ஊர்வலம் முடிந்து ஓரமாகக் கட்டியிருந்த குதிரையை அவள் முக்கால் மணி நேரம் நின்று வரைந்தாள். தலை தொங்கி, ஒரு பின்னங்காலை லேசாகத் தளர்த்தி நின்றது அது. அப்படியே அல்சூர் ஏரிக்குப் போய்க் கரையையும் தண்ணீரில் விழும் வெளிச்சத்தையும் குறித்துக்கொண்டாள். எல்லாம் அதே நடுங்கும் கோட்டில். இப்போது ஏ2 தாளில் குதிரை முடிந்துவிட்டது. வந்தியத்தேவன் ஏரியைப் பார்த்துத் திரும்பி இருக்கிறான், ஒரு கன்னமும் காதும் மட்டும் தெரிகிறது. முகத்தை இந்தப் பக்கம் திருப்பலாமா என்று நேற்று போனில் கேட்டாள். கடிவாளத்தைப் பிடித்திருக்கும் கையை முதலில் முடி, அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.